விகுதி மட்டும் போதாது

தமிழுக்கு நிறுத்தற்குறி தேவையில்லை என்று சொல்வது படித்தவர்கள் நடுவே ஒரு பெருமையாகிவிட்டது. இலக்கியக் கூட்டத்தில் சொன்னால் கைதட்டுகிறார்கள். தமிழாசிரியர்களே சொல்கிறார்கள், புத்தகம் போடுகிறவர்களும் சொல்கிறார்கள். வாதம் எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும். காற்புள்ளியும் அரைப்புள்ளியும் வெள்ளைக்காரரோடு கப்பலில் வந்தவை, அவர்கள் வருமுன் ஈராயிரம் ஆண்டு தமிழ் அவை இல்லாமலே வாழ்ந்தது என்பார்கள். கேள்விக்கு 'ஆ' இருக்கிறது, பிறர் பேச்சைச் சொல்ல 'என்று' இருக்கிறது, அடுக்கிச் சொல்ல 'உம்' இருக்கிறது, விகுதியே எல்லாவற்றையும் காட்டிவிடும்போது குறி எதற்கு என்பார்கள். செல்போனில் யார் குறி போடுகிறார்கள், யாருக்குப் புரியாமல் போனது என்று கேட்டு முடிப்பார்கள்.

இந்த வாதத்தை நான் முழுதாக மறுக்கிறேன். இது வரலாற்றைத் தப்பாகச் சொல்கிறது; தமிழ் வாக்கியத்தையும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறது. இதனால் நட்டப்படுகிறவர்கள் மேடையில் பேசுகிறவர்கள் அல்லர். அறிவிப்புப் பலகையையும் மருந்துச் சீட்டையும் வங்கிப் படிவத்தையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள்தான் நட்டப்படுகிறார்கள்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். புதுக்கோட்டையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. அந்தப் பெயரைச் சொன்னால் விவசாயிகளுக்கு அண்ணா பண்ணையும் வேளாண்மைக் கல்லூரியும் நினைவுக்கு வரும். கோயில் பார்க்க வருகிறவர்களுக்குச் சிகாநாதசுவாமி கோயில் மண்டபத்துச் சிற்பங்கள். நான் சொல்லவருவது குன்றைக் குடைந்தெடுத்த மேலைக்கோயிலைப் பற்றி. குடைவரையை ஒட்டிய பாறைமுகத்தில், சுமார் 13 அடிக்கு 14 அடிப் பரப்பில், ஓர் இசைப் பாடமே வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்து பல்லவ கிரந்தம்; காலம் 7ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது எழுத்தமைதியை வைத்துச் சொல்வது. 1904இல் கல்வெட்டுத் துறையின் கணக்கில் சேர்ந்த இதை, பின்னர் பி. ஆர். பண்டார்கர் 'எபிகிராபியா இண்டிகா'வின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்தார். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள்; இன்று ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. யார் வெட்டுவித்திருந்தாலும் என் வாதத்துக்கு ஒன்றுதான்.

அந்தப் பாறையில் இருப்பது முழுக்கச் சுரங்கள். மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று ஏழு பகுதி. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு உண்டு. சுரங்களை நான்கு நான்காகக் கூட்டி, ஒரு வரிக்கு 16 கூட்டு என்று அடுக்கியிருக்கிறார்கள். ஒரே சுரத்தை உயிர் மாற்றி ர, ரி, ரு, ரே என்று வேறுபடுத்தி எழுதியிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. சில சுரங்களின் தலையில் புள்ளி வைத்திருக்கிறார்கள். முடிவில், உருத்திராசாரியரின் மாணவனாகிய ஒரு சிவபக்த அரசன் மாணாக்கர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று குறிப்பும் இருக்கிறது.

'மாணாக்கர்களின் நன்மைக்காக' என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுரத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, மிச்சத்தைப் பையன் தானாகப் புரிந்துகொள்வான் என்று அந்த அரசன் விடவில்லை. எங்கே பிரிக்க வேண்டும், எது எதோடு சேரும், எந்தச் சுரம் மற்றதிலிருந்து வேறுபடும் என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தான். எழுத்து மட்டும் போதாது, எழுத்தைப் படிக்கும் வழியையும் எழுத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில், கருங்கல்லில், ஐரோப்பியர் இங்கே கப்பலில் வந்திறங்குவதற்கு ஏறத்தாழ 800 ஆண்டு முன்பே இருந்திருக்கிறது. குறி போடும் பழக்கம் நமக்கு அந்நியம் என்று சொல்கிறவர் இந்தப் பாறைமுன் வந்து நின்று அதைச் சொல்ல வேண்டும்.

உடனே வரும் பதிலை நான் அறிவேன். கல்வெட்டு சமஸ்கிருதம், விஷயம் சங்கீதம், தமிழ் உரைநடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அடியில் தமிழிலும் ஒரு வரி இருக்கிறது. மேலே சொன்னவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்பது அதன் பொருள். எட்டு எவை, ஏழு எவை என்று அந்த வரி சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு அது தெரியும். இன்று யாழின் நரம்புக் கணக்கு என்பார் ஒருவர், பண்களின் கணக்கு என்பார் இன்னொருவர். சுரங்களின் தலைமேல் உள்ள புள்ளிகளுக்கும் அதே கதி. அவை ஓசையின் நீளத்தைச் சொல்கின்றனவா, உயரத்தைச் சொல்கின்றனவா, வேறெதையோ சொல்கின்றனவா என்பதில் இசை ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. புள்ளி அழியவில்லை, அதற்கு என்ன பொருள் என்று சொல்லித்தரும் வரிசைதான் அறுந்தது. இன்றைய காற்புள்ளிக்கும் இதுவே நடந்துகொண்டிருக்கிறது. அச்சில் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று சொல்லித்தருகிறவர்கள் குறைகிறார்கள்.

கர்நாடக சங்கீதக்காரர்கள் இந்த விஷயத்தில் தமிழ் எழுதுகிறவர்களைவிடத் தெளிவானவர்கள். சுரம் எழுதிய எந்தப் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். சுரத்தின் மேல் புள்ளி இருந்தால் மேல்ஸ்தாயி, கீழே இருந்தால் கீழ்ஸ்தாயி. காற்புள்ளி போட்டால் ஒரு அட்சரம் நீட்டு. அரைப்புள்ளி போட்டால் இரண்டு. குடுமியான்மலைக் கல்வெட்டு கணக்கில் சேர்ந்த அதே 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சிட்டார். கமகத்துக்குக் கமகம் தனித்தனி அடையாளம் போட்டு அச்சுக் கோத்த நூல் அது. குருமுகமாகக் கேட்டாலே போதும் என்று வாழ்ந்த ஒரு மரபுக்குள்ளிருந்தே இந்தக் காரியம் நடந்தது. காற்புள்ளி பிறநாட்டுக் குறி என்று எந்தப் பாடகரும் அதை அழித்துவிட்டுச் சுரம் பாடவில்லை.

தமிழ் எழுத்துக்கே வருவோம். மெய்யெழுத்தின் அடையாளம் புள்ளி என்று தொல்காப்பியம் விதி செய்கிறது. எகர ஒகரக் குறிலுக்கும் புள்ளி உண்டு என்கிறது. ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில் சொல்லே மாறிப்போகும் என்பதை அறிந்த இலக்கணம் அது. பிறகு என்ன ஆயிற்று? ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒன்றாயின. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரிந்தன. எரியா, ஏரியா? கொடையா, கோடையா? முன்பின் பார்த்துத்தான் சொல்ல முடியும். மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, உரைக்குள் வரும் மேற்கோள் எந்த நூலைச் சேர்ந்தது என்பதற்கெல்லாம் ஏட்டில் அடையாளம் கிடையாது. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரின் உழைப்பில் பெரும்பகுதி இதிலேயே போனது. ஈராயிரம் ஆண்டு தமிழ் குறியில்லாமல் வாழ்ந்தது என்று இலேசாகச் சொல்லிவிடுகிறோம். அப்படி வாழ்ந்ததற்கு என்ன விலை கொடுத்தது என்று ஐயரின் சுயசரிதத்தைப் படித்தவர்கள் அறிவார்கள். குறி இல்லாத ஏட்டைப் படிக்க ஓர் ஐயர் வேண்டியிருந்தது. எல்லா ஊருக்கும் ஓர் ஐயர் கிடைக்கமாட்டார்.

எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்த்தவர் யார்? இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்து 1747இல் மறைந்த வீரமாமுனிவர். குறிலுக்குப் புள்ளி என்ற பழைய ஏற்பாடு எழுத்தில் கைவிடப்பட்டிருந்த நிலையில், நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். இன்று 'கேள்' என்று எழுதும்போது நாம் போடும் இரட்டைச் சுழிக் கொம்பு அவர் சீர்திருத்தத்தின் பயன். அந்நியர் தந்தது என்பதற்காக நிறுத்தற்குறியைத் தள்ளுகிறவர்கள் ஏகாரக் கொம்பையும் தள்ளிவிடுவார்களா? தள்ளமாட்டார்கள், ஏனென்றால் அது இல்லாமல் எழுத முடியாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம்விட்டு எழுதுகிறோமே, அதுவும் கல்வெட்டில் இல்லை, ஏட்டிலும் இல்லை, அச்சோடு நிலைபெற்றது. இடைவெளியை வைத்துக்கொண்டு காற்புள்ளியை மட்டும் பிறநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவதில் ஒரு நியாயமும் இல்லை.

பழந்தமிழில் குறியே கிடையாது என்பதும் சரியல்ல. பிள்ளையார்சுழி போட்டுத் தொடங்கினோம். நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், இலக்கம் என்று கணக்கெழுத்தில் தனித்தனிக் குறிகள் இருந்தன; நிலப்பத்திரத்திலும் வட்டிக்கணக்கிலும் புழங்கின. அவை 2003இல் யூனிகோடில் ஏறின. 2019இல் யூனிகோடு 12ஆம் பதிப்பு தமிழுக்கென்று இன்னும் 51 குறிகளைச் சேர்த்தது. பின்ன எண்களும் அளவைகளும்தான் அதில் மிகுதி. கடைசி இடத்தில் நிற்பது நூல் முடிந்தது என்று காட்டும் பழைய தமிழ் முடிவுக்குறி. கோயில் கல்வெட்டுகளையும் பாருங்கள். 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்கி 'பன்மாஹேஸ்வரர் ரக்ஷை' என்று முடிப்பார்கள். இன்னார் எழுத்து என்று கையொப்பம் வைப்பார்கள். நிலத்தின் நாலெல்லையையும் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்ற ஒரே வரிசையில் சொல்வார்கள். தொடக்கத்தையும் முடிவையும் வகையையும் காட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. குறிக்குப் பதிலாகச் சொல்லைச் செலவழித்தார்கள்.

ஐரோப்பாவுக்கும் குறி பிறவியிலேயே வந்ததல்ல. கிரேக்கர்கள் இடைவெளிகூட விடாமல்தான் எழுதினார்கள். கி.மு. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரியா நூலகத்தை நடத்திய அரிஸ்டோபனஸ் என்பவர், வரிக்குக் கீழே, நடுவே, மேலே என்று மூன்று உயரத்தில் புள்ளி வைத்துப் பிரிக்கச் சொன்னார். இன்றைய அரைப்புள்ளி 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூசியஸின் அச்சகத்தில் பிறந்தது. ஆங்கிலேயரும் அதை வெளியிலிருந்து வாங்கியவர்கள்தான். பாதிரிமார்களோடு வாழ்நாளெல்லாம் வாதாடிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரைவிடச் சைவத்தையும் தமிழையும் காத்ததாக இன்று யாரும் மார்தட்ட முடியாது. அவர் என்ன செய்தார்? பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தபோது கண்ட அச்சுமுறையை எடுத்துக்கொண்டார். 1852இல் வெளியிட்ட பெரியபுராண வசனத்திலும் பாலபாடங்களிலும் சந்தி பிரித்தார், காற்புள்ளி வைத்தார், அரைப்புள்ளி வைத்தார். இலக்கணச் சுருக்கத்தில் குறியியலுக்குத் தனி இடமே கொடுத்தார். சைவப் பிள்ளைகள் திணறாமல் படிக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம். குறி எங்கிருந்து வந்தது என்பது முக்கியமாகப் படவில்லை.

இனி இலக்கண வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 'அரசனும் அரசியும் அமைச்சரும் வந்தார்கள்' என்பதில் காற்புள்ளி வேண்டாம். உம்மை எல்லாவற்றையும் செய்துவிட்டது. ஆனாலும் ஆங்கிலப் பழக்கத்தில் ஒவ்வோர் உம்மைக்குப் பின்னும் காற்புள்ளி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வீண். 'என்று' என்பதற்கு முன்னால் காற்புள்ளி போடுவதும் வீண். ஃபிளெக்ஸ் பேனரில் தலைவர் பெயருக்குப் பின்னால் மூன்று உணர்ச்சிக்குறி போடுவதால் உணர்ச்சி மூன்று மடங்காகாது. இவற்றை எதிர்ப்பவர்களோடு நானும் சேர்ந்து எதிர்ப்பேன்.

ஆனால் 'என்று' இருப்பதால் மேற்கோள்குறி வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. 'என்று' பேச்சு முடிந்த இடத்தைக் காட்டும்; தொடங்கிய இடத்தைக் காட்டாது. கூட்டுறவுச் சங்கத்தில் பணம் குறைகிறது. விசாரணையில் நீங்கள் இப்படி எழுதித்தருகிறீர்கள்: 'கணக்கர் நான் பணத்தை எடுத்தேன் என்று சொல்கிறார்'. கணக்கர் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டாரா, உங்கள்மேல் பழிபோட்டாரா? கணக்கர், "நான் பணத்தை எடுத்தேன்" என்று சொல்கிறார் என்று எழுதினால் வீட்டுக்குப் போகலாம். மேற்கோள்குறி இல்லையென்றால் உங்களையும் உட்காரவைப்பார்கள். ஆகாரம், ஓகாரம், 'என்று', 'உம்' எல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒரு வாக்கியத்தைக் காப்பாற்ற முடியாது.

'நேற்று தலைவர் ஊருக்கு வந்தார் என்று செயலர் சொன்னார்.' நேற்று வந்தாரா, நேற்று சொன்னாரா? தமிழில் வினை கடைசியில் நிற்பதால், முதலில் வரும் 'நேற்று' எந்த வினையைப் போய்ச் சேரும் என்று தெரியாமல் நிற்கிறது. எச்சங்கள் இன்னும் மோசம். 'குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரை இன்ஸ்பெக்டர் எச்சரித்தார்.' இதில் யாருக்கும் தகராறில்லை. 'குடித்துவிட்டு, வண்டி ஓட்டியவரை இன்ஸ்பெக்டர் எச்சரித்தார்.' இப்போது இன்ஸ்பெக்டர் வேலை போய்விடும். பெயரடையும் இப்படித்தான். கல்யாண வீட்டில் 'வயதான மாப்பிள்ளையின் தகப்பனார்' வந்திருக்கிறார் என்றால் பெண்வீட்டாருக்கு நெஞ்சு பதறும். 'வயதான, மாப்பிள்ளையின் தகப்பனார்' என்றால் யாரும் நாற்காலியைவிட்டு எழவேண்டியதில்லை. எழவேண்டியது மரியாதைக்கு மட்டும்.

கேள்விக்கு விகுதி போதும் என்பதும் நிற்காது. 'வந்தாயா' என்பது கேள்வியென்று தெரிகிறது, சரி. 'என்ன அழகு' என்பதில் வினாச்சொல் இருக்கிறது, கேள்வி இல்லை. 'எத்தனை முறை சொன்னேன்' என்று ஓர் அம்மா எழுதினால் எண்ணிக்கை கேட்கிறாளா? வினாக்குறி போட்டுப் படித்தால் பிள்ளை விரல்விட்டு எண்ணத் தொடங்குவான். உணர்ச்சிக்குறி போட்டுப் படித்தால் ஓடத் தொடங்குவான். 'அப்படியா' என்ற ஒரு சொல் ஐயம், வியப்பு, மிரட்டல், அலுப்பு எல்லாவற்றுக்கும் உதவும். பேச்சில் குரல் பிரித்துக் காட்டுகிறது. எழுத்தில் குரல் இல்லை, குறிதான் உண்டு. வினாவை ஆறு வகையாகப் பிரித்த நன்னூலார், ஆறுக்கும் வெவ்வேறு விகுதி இருப்பதாகச் சொல்லவில்லை.

நன்னூலையே இன்னொரு சாட்சிக்கும் அழைக்கிறேன். ஆற்றுநீர், மொழிமாற்று, நிரனிறை, விற்பூண், தாப்பிசை, அளைமறிபாப்பு, கொண்டுகூட்டு, அடிமறிமாற்று என்று பொருள்கோள் எட்டு. செய்யுளில் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர வேண்டும் என்பதற்கு எட்டு வழி எழுதிவைக்க வேண்டியிருந்தது. சொல்லும் விகுதியும் தாமாகவே சேர்ந்துகொள்ளும் என்றால் இந்தப் பகுதிக்கே வேலையில்லை. தாப்பிசையைப் பாருங்கள்: நடுவில் நிற்கும் ஒரு சொல் முன்னாலும் பின்னாலும் சென்று பொருந்தும். செய்யுளில் அது அழகு. ஆணையில் அதுவே ஆபத்து. 'தூக்கு வேண்டாம் விடுதலை' என்று ஓலை வந்தால் சிறைக்காவலர் என்ன செய்வார்? நடுவில் நிற்கும் 'வேண்டாம்' எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஓர் உயிர் இருக்கிறது. வகுப்பறையில் சொல்லும் இந்தப் பழைய வேடிக்கைக் கதைக்குப் பின்னால் நம் இலக்கணக்காரர்கள் நன்றாக அறிந்த ஒரு உண்மை இருக்கிறது. அதை மாணவர்களுக்குச் சேர்த்துச் சொல்வதில்லை.

சிரிப்பை வைத்துக் குறி சொல்லித்தருவதை நான் வரவேற்கிறேன். எந்தச் சிரிப்பு என்பதில்தான் சண்டை. ஆங்கிலத்தில் காற்புள்ளி விட்டுப்போனால் பாட்டியையே சாப்பிடக் கூப்பிட்டதாகிவிடும் என்ற நகைச்சுவை பிரசித்தம். அதை மொழிபெயர்த்து இங்கே வகுப்பில் சொல்கிறார்கள். தமிழில் பாட்டிக்கு ஒரு ஆபத்தும் இல்லை. 'பாட்டியை' என்று ஐ உருபு போட்டால்தான் அவரைச் சாப்பிட முடியும். பிள்ளைகள் புத்திசாலிகள். தமிழில் காற்புள்ளி போடாவிட்டாலும் பாட்டி பிழைத்துக்கொள்கிறார் என்பதைக் கண்டுகொண்டு, அப்படியானால் தமிழுக்குக் காற்புள்ளி தேவையில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். குறி வேண்டாம் என்று பின்னாளில் மேடையில் பேசுகிறவர்களில் பலர் இப்படிப் படித்து வந்தவர்கள் என்றே நினைக்கிறேன். தமிழ் வாக்கியம் எங்கே இடறுகிறதோ அங்கிருந்து சிரிப்பை எடுக்க வேண்டும். வேற்றுமை உருபு உள்ள இடத்தில் அது இடறாது. வினையெச்சத்தில் இடறும், பெயரடையில் இடறும், 'நான்' யார் என்பதில் இடறும், வினை பின்னால் வருவதால் காலச்சொல்லில் இடறும்.

இன்னொரு பழுது மாத்திரைக் கணக்கு. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்திருக்கிறோம். உரக்கப் படிக்கும் காலத்தில் அது உதவியது. சுரப் புத்தகத்தில் இன்றும் அது சரி. அங்கே காற்புள்ளி என்பது நேரமேதான். உரைநடையில் காற்புள்ளி மூச்சுக்காக வைப்பதல்ல, சேர்க்கைக்காக வைப்பது: இந்தச் சொல் அடுத்ததைத் தாண்டி அப்பால் போய்ச் சேர்கிறது என்று சொல்வதற்காக. மூச்சுக்குக் குறி என்று சொல்லித்தந்ததால்தான் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் காற்புள்ளி விழுகிறது, வேண்டிய இடத்தில் விழுவதில்லை. மொழி அறக்கட்டளை வெளியிட்ட 'தமிழ் நடைக் கையேடு' நிறுத்தக்குறிகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்த முயன்றது. அந்த முயற்சி பள்ளிக்கூடம் வரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

செல்போன் வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. அங்கே எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒருவரையொருவர் அறிவார்கள், புரியாவிட்டால் அடுத்த நொடியில் "என்னது?" என்று கேட்டுவிடலாம். அதோடு, ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிச்செய்தியாக அனுப்புகிறார்கள். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் முற்றுப்புள்ளிதான் விழுகிறது. சிரிக்கும் முகம், அழும் முகம் எல்லாம் உணர்ச்சிக்குறியின் வேலையைச் செய்கின்றன. குறி போகவில்லை, உருவம் மாறியிருக்கிறது. அதே செல்போனில் எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் செயலியைப் பார்வையற்றவர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்தக் குரல் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பெரிதும் நிறுத்தற்குறியை வைத்தே முடிவு செய்கிறது. குறியே இல்லாத ஒரு பக்கத்தை அதனிடம் கொடுத்துக் கேட்டுப்பாருங்கள். சொல் சொல்லாக வந்து விழும், எது எதோடு சேர்ந்தது என்பது கேட்கிறவரின் பாடு. குறி வேண்டாம் என்கிறவர்கள் அந்த வாசகர்களை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கவிஞர்கள் குறியை விட்டுவிடுகிறார்களே என்றால், அவர்களுக்கு வரி முறிக்கும் உரிமை இருக்கிறது. வரியின் முடிவே அவர்களுக்குக் குறி. ரேஷன் கடைப் பலகை எழுதுகிறவருக்கு அந்த உரிமை கிடையாது.

அந்தப் பலகையில் என் வாதம் முழுவதும் இருக்கிறது. 'அரிசி சீனி பருப்பு பாமாயில் இல்லை' என்று சாக்பீஸால் எழுதியிருந்தால், அரை மைல் நடந்து வந்த பெண் எதை வாங்கலாம், எதற்காகத் திரும்பிப் போக வேண்டும்? நான்கும் இல்லையா, பாமாயில் மட்டும் இல்லையா? 'அரிசி, சீனி, பருப்பு உண்டு. பாமாயில் இல்லை' என்று ஒரு சொல்லும் மூன்று குறியும் சேர்த்தால் அவர் பையை விரிக்கலாம். மருந்துச் சீட்டில் 'மாத்திரை காலை இரவு சாப்பிட்ட பின் டானிக்' என்று இருந்தால் சாப்பிட்ட பின் குடிக்க வேண்டியது டானிக்கா, சாப்பிட்ட பின் போட வேண்டியது மாத்திரையா? இதைப் படிக்கிறவருக்கு இலக்கணம் தெரியும், தமிழ் தாய்மொழி, விகுதிகள் எல்லாம் அத்துபடி. ஆனாலும் மருந்துக்கடைக்காரரிடம் திரும்பிப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

தேர்வில் நிறுத்தற்குறிக்கென்று வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: குறியில்லாத ஒரு பத்தியைக் கொடுத்துக் குறியிடச் சொல்வார்கள். மாணவர் மூச்சை எண்ணிக் குறியிட்டு மதிப்பெண் வாங்கிப் போய்விடுவார். அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். கணக்கர் வாக்கியத்தைக் கொடுங்கள். இரண்டு பொருளையும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறி போடச் சொல்லுங்கள். பணத்தை எடுத்தது யார் என்று கேளுங்கள். அடுத்த வாரம் அவரவர் ஊர் ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், சொசைட்டி, பேருந்து நிறுத்தம் என்று போய், இரண்டு பொருள் தரும் ஒரு பலகையை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வகுப்பு சிரிக்கும். சிரித்து முடிந்ததும், அந்தப் பலகையை நம்பிக் காத்துநின்றவர்கள் எத்தனை பேர் என்று அவர்களையே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.